ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பு

சொக்கலிங்கத்தின் வீட்டில் ஃப்யூஸ் போகும் சத்தம் ஹேடோ குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்கும். கேட்காவிட்டாலும் கேட்டதாகச் சொல்ல அங்கே ஆள் உண்டு. 'டப்' என்று ஒன்று, பிறகு கருகின கம்பியின் வாடை, பிறகு துறைமுக ஆபீஸ் கிளார்க்கான அவர் இருட்டில் நாற்காலியின் மேல் ஏறி முருகனைக் கூப்பிடுவது. தலைப்பிரசவத்துக்குத் தீவிலிருந்து கடல் தாண்டி மெயின்லேண்ட் போயிருந்த மனைவி விசாலாட்சி, கைக்குழந்தையோடு மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கிய சாயங்காலம் ஆரம்பித்தது அது. தொட்டில் கட்டினார்கள், ஃப்யூஸ் போனது. மறுநாளும் போனது. அதற்கு மறுநாள், புதுக் கம்பி கட்டிவிட்டு அவர் நாற்காலியிலிருந்து இறங்குவதற்குள் போனது.

"பொண்டாட்டி வந்த சந்தோஷம், கரண்டுக்கே தாங்கல போல" என்று பக்கத்து வீட்டு ரோசலின் வேலியோரம் நின்று சிரித்தாள். குழந்தையைப் பற்றி மட்டும் அவளுக்கே குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும். வந்த நாள்லேர்ந்து ஒரு அழுகைச் சத்தம் உண்டா?"

சொக்கலிங்கத்துக்கும் அதில் பெருமைதான். நரை விழுந்த பிறகு வந்த மகன். கப்பல்துறையில் முதன்முதலாகக் கையில் வாங்கியபோது கனத்தான். நல்ல கனம் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி மிட்டாய் கொடுத்தார். விசாலாட்சி பாதியாக இளைத்து வந்திருப்பதையும், குழந்தையின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை என்பதையும் யாரிடமும் சொல்லவில்லை.

எலெக்ட்ரீஷியன் பிரகாசம் வந்த அன்று நல்ல மழை. தீவில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். மழை என்றால் அதற்கும் முன்னால். ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி, அந்த இடத்தில் இரண்டு வயரில் ஒரு பல்பைத் தொங்கவிட்டான்.

"லைன்ல எங்கயாவது கரண்ட் ஒழுகிச்சுன்னா இது எரியும் சார். ஒவ்வொண்ணா கழட்டுவோம். எதைக் கழட்டினா அணையுதோ, அதுதான் கள்ளன்."

மெயினைப் போட்டான். பல்பு எரிந்தது. பளிச்சென்று அல்ல, மங்கலாகச் சிவந்து, கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி.

ரேடியோவைப் பிடுங்கினார்கள். மின்விசிறியை. இஸ்திரிப் பெட்டியை. கூரையிலிருந்த பல்புகளைக்கூடக் கழற்றிப் பாயில் வரிசையாக வைத்தார்கள். ஃப்யூஸ் இடத்துப் பல்பு மட்டும் ஏறியது, இறங்கியது.

"செவுரு ஈரம் குடிச்சிருக்கும். அக்கா, பிள்ளையத் தூக்கிட்டுக் கொஞ்சம் வெளிய நில்லுங்க."

விசாலாட்சி தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பல்பு அணைந்தது.

"அச்சா, ஹோ கயா! சரியாயிடுச்சு சார்" என்றான் பிரகாசம். ஸ்க்ரூ டிரைவரை அவன் இன்னும் தூக்கக்கூட இல்லை.

சாரல் அடித்தது. அவள் உள்ளே வந்தாள். பல்பு எரிந்தது.

பிரகாசம் பல்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு, "டூட்டி இருக்கு சார்" என்றான். அன்று அவனுக்கு லீவு என்பது வரிசைக்கே தெரியும். கருவிப் பையைக்கூட எடுக்காமல் போனான்.

சொக்கலிங்கம் நின்றார். மழை தகரத்தில் கொட்டியது. பாசி வாடை. அவள் தலைமுடியில் இன்னும் கடல் வாடை. கப்பலிலிருந்து இறங்கியது விசாலாட்சிதானா? அவள் கையைத் தொட்டுப் பார்த்தார், ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது? எதுவானால் என்ன, முதலில் குழந்தையை அவளிடமிருந்து வாங்கிவிட வேண்டும்.

"விசாலம், பிள்ளைய எங்கிட்ட குடு. நீ மட்டும் ஒருதரம் வெளிய போ."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள்போல நீட்டினாள். போனாள்.

பல்பு எரிந்தது.

ஏறியது. இறங்கியது.

"எரியுதாங்க?" வெளியிலிருந்து அவள் குரல்.

அவர் பல்பையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கப்பல்ல வர்ற வழி முழுக்க நான்தான் வச்சிருந்தேன். இனிமே என்னால முடியாதுங்க."

கதவு சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது. ஓடும் காலடி. பிறகு மழை மட்டும்.

கத்தினார். கத்தியதாகத்தான் நினைத்தார், முனகலாக வந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ரோசலின் யாரிடமோ சிரித்தாள். "கேளு, அப்பனும் மவனும் கொஞ்சுற கொஞ்சல!"

தொட்டிலில் போடப் பார்த்தார். முடியவில்லை. சட்டையைப் பிடித்திருந்தது. பிஞ்சு விரல்கள். ஈரம். பிரிக்க வரவில்லை. கை கனத்தது. இன்னும் கனத்தது.

மூக்கருகே விரல் வைத்தார்.

மூச்சு இல்லை. நெஞ்சு அசையவில்லை.

பல்பு ஏறியது. கண்கள் திறந்தன.

இறங்கியது. மூடின.

ஏறியது.