சுவர்ப் பக்கத்துக் கன்னம்

குழாயின் ஏழாவது மூட்டில் பூசியிருந்த சாம்பலில் யாரோ கன்னம் வைத்து அழுத்தியிருந்தார்கள்.

நாராயணப்பன் அரிக்கேன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, சவரக் கண்ணாடியைக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே நீட்டி மறுபடியும் பார்த்தான். சந்தேகமே இல்லை. மேலே கன்ன எலும்பின் வளைவு, கீழே தாடை, நடுவில் முள்தாடி பொடிப்பொடியாய்க் குத்திய தடம். அவன் காலையில்தான் சவரம் செய்திருந்தான்.

கன்னம் வைப்பது அவர்கள் தொழிலில் உள்ளதுதான். ரெஞ்சு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைக்கு ஈரம் தெரியாது. சொட்டுகிற கசிவைச் சாம்பல் கறுத்துக் காட்டிக் கொடுத்துவிடும். மூச்சுப்போல வருகிற கசிவுக்குக் கன்னம்தான். சாம்பல் தப்பினாலும் கன்னம் தப்பாது என்பார்கள் குழாய் போடும் பிட்டர்கள். ஆனால் அவன் இன்னும் எந்த மூட்டிலும் கன்னம் வைக்கவில்லை. தவிர, தடம் இருந்தது சுவர்ப் பக்கம். நாலு விரல் இடைவெளி. அதில் பூனைத் தலைகூட நுழையாது.

ஓசூரிலிருந்து தளி போகிற ரோட்டில் புதிதாய்க் கட்டிய வயர்லெஸ் நிலையம் அது. மேலே கருவி அறை. அங்கே வரிசையாய் நிற்கப்போகும் இயந்திரங்கள் சூடேறாமல் இருக்க, வெளித்தொட்டித் தண்ணீர் தரைக்கடியில் இந்த நிலவறை வழியே குழாயில் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். முப்பத்தொரு மூட்டு. பன்னிரண்டு மணிக்கு இரு பக்கமும் வால்வை மூடி, கைப்பம்பால் தண்ணீரை அழுத்தி, மேலே அழுத்தம் காட்டும் கேஜின் முள்ளை அறுபதில் நிறுத்தியிருந்தான். ஆறு மணி வரை அது இறங்கக் கூடாது.

மேஸ்திரி கௌஸ் மொய்தீன் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“ஆறு மணிக்கு நானே வந்து பாக்கறேன் நாராயணப்பா. முள்ளு அறுபதுல நின்னா பின்னால இருக்கிற வீடு உனக்குத்தான், ஆபீஸ் பெரியவர்கிட்ட பேசிட்டேன். இறங்குச்சுன்னா என் கையில ஒண்ணுமில்ல. பெங்களூர்ல இருந்து வேற ஆளு வருவான்.”

அந்த ஒற்றை அறை வீடுதான் அவனுக்கு எல்லாம். கல்யாணமாகி மூன்று வருஷம். ராஜாத்தி இன்னும் நாகரசம்பட்டியில் அப்பன் வீட்டில்தான் இருந்தாள். கொட்டகையில் சாக்கு விரித்துப் படுக்கிறவனோடு பெண்ணை அனுப்ப முடியாது, சித்திரைக்குள் வீடு பார்க்காவிட்டால் உறவைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று மாமனார் கறாராய்ச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

அன்று ஓசூர் மலைக்கோயில் தேர். சனம் முழுக்க அங்கே. காவல்கார சென்னகிருஷ்ணன்கூடக் கிளம்பும்போது, தனியாய் இருப்பாயா என்று கன்னடத்தில் கேட்டான். எனக்கு அதென்ன புதுசா என்று இவன் சிரித்தான். சிரிப்பு வாயோடு சரி. பேச ஆளில்லாமல் குழாயோடு பேசிப் பழகியவன் அவன். ‘ஏன்டா, நீயாவது ஒழுங்கா இருடா’ என்று அன்றைக்கும் ஒவ்வொரு மூட்டையும் தட்டிக் கொடுத்திருந்தான்.

முதல் பத்து மூட்டைப் போட்டவன் வேறொரு பிட்டர். அவன் எங்கே போனான் என்று ஒருநாள் கேட்டதற்கு மேஸ்திரி பேச்சை மாற்றி, இந்த வருஷம் தளிப் பக்கம் பனி ஜாஸ்தி என்றார்.

நாராயணப்பன் தடத்தைத் துடைத்துவிட்டுப் புதுச் சாம்பல் பூசினான். எட்டாவது மூட்டுக்குக் கண்ணாடியை நீட்டினான். அங்கேயும் இருந்தது. ஒன்பதில், பத்தில், பதினொன்றில். பன்னிரண்டில் இருந்த தடம் இன்னும் ஈரமாய் இருந்தது. அவன் விளக்கோடு ஏணியில் தடதடவென்று ஏறி மேலே வந்து நின்றான்.

மேலே வெயில். புதுச் சுண்ணாம்பு வாசனை. தூரத்தில் தேர் மேளம் காற்றில் வந்து வந்து போனது. முள் அறுபதில். அதைப் பார்த்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இனி கீழே என்ன வேலை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

நாலரைக்கு முள் ஐம்பத்தொன்பதில் நின்றது.

எங்கோ கசிகிறது. கண்டுபிடித்தாக வேண்டும். ரோட்டுக்கு ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படி ஓடினால் ராஜாத்தி வர மாட்டாள். விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

முதல் மூட்டில் கன்னம் வைத்தான். இரும்பின் குளிர்ச்சி, மூட்டை அடைத்த சணலும் செந்தூரமும் கலந்த எண்ணெய் வாடை. ஈரமில்லை. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதில் அவனுக்குக் கேட்டது. சரசரவென்று, முள்தாடி இரும்பில் உரசுகிற சத்தம். குழாய்க்கு அந்தப் பக்கம். அவன் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. நின்றால் நின்றது. அவன் கண்ணாடியை வெளியே எடுக்கவே இல்லை. எண்ணிக்கொண்டே போனான். இருபது. இருபத்தைந்து. முப்பது.

முப்பத்தொன்றில் கன்னத்தில் ஊசிபோல ஈரம் பட்டது.

கடைசி மூலை. அவன் கையாலேயே போட்ட மூட்டு. பிரித்துப் போட நேரமில்லை. மேலே ஓடிப் பம்பை இரண்டு தடவை அழுத்தி முள்ளை அறுபதுக்கு ஏற்றிவிட்டு, திரும்ப ஓடி வந்து துணியைச் சுற்றி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். திருட்டுத்தனம்தான். மேஸ்திரி வந்து முள்ளைப் பார்த்துவிட்டுப் போகும் வரை பிடித்தால் போதும், ராத்திரியே சரிசெய்துவிடலாம். கசிவு நிற்கிறதா என்று தெரிய, கன்னத்தையும் அதன்மேல் வைத்துக்கொண்டான்.

விரல் மரத்தது. விளக்கில் எண்ணெய் தீர்ந்து, திரி இரண்டு தரம் துள்ளி அணைந்தது.

இருட்டு.

சரசரப்பு நெருங்கியது. நின்றது.

குழாயின் மறுபக்கம் இன்னொரு கன்னம் அழுந்தியது. அதன் எடையைக் குழாய் வாங்கிக்கொண்டது அவனுக்குத் தெரிந்தது. பிறகு அந்த நாலு விரல் இடைவெளியிலிருந்து விரல்கள் வந்தன. ஒவ்வொன்றாய். அவன் விரல்கள்மேல் படிந்து, மூட்டைச் சேர்த்து அழுத்தின.

கசிவு நின்றது.

மூன்று வருஷத்தில் அவன் கைமேல் இன்னொரு கை விழுந்தது அதுதான் முதல் தடவை. அதை நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்தது.

மேலே செருப்புச் சத்தம். மேஸ்திரி.

“நாராயணப்பா.”

கத்தினால் வந்துவிடுவார். வந்தால் மூட்டைப் பார்ப்பார். வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

“தேர் பாக்கப் போயிட்டான் போல.” செருப்பு கேஜ் பக்கம் நகர்ந்தது. “நிக்குது முள்ளு. அறுபது, அப்படியே. நல்ல பையன். பொண்டாட்டிய கூட்டிட்டு வரட்டும்.”

பிறகு நரி உள்ளே போய்விடாமல் இருக்க அவர் நிலவறையின் இரும்பு மூடியை இழுத்துப் போட்டார். தாழ் விழுந்தது. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

போதும். இனி விட்டுவிடலாம்.

நாராயணப்பன் கையை இழுத்தான். வரவில்லை. மேஸ்திரி என்று கத்தினான். குரல் குழாயில் ஓடி அவனிடமே திரும்பி வந்தது. மறுபடி இழுத்தான். அவன் விரல்கள்மேல் இருந்த விரல்கள், கடைசி மரையை முடுக்குவதுபோல நிதானமாய், கால் சுற்று இறுகின.