பசை போடாத மண்டபம்

"மனித குலத்தின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு பசை. சக்கரமெல்லாம் அப்புறம்தான்" என்று அறிவித்தான் சந்தீப்.

ஷின்யீ நிமிரவில்லை. வகுப்புக் கண்காட்சிக்காக அவர்கள் இருவரும் பெய்ஜிங் அரண்மனையின் பெரிய மண்டபத்தை மரத்துண்டுகளால் செய்துகொண்டிருந்தார்கள். தூண்கள் அடிப்பலகை மேல் சும்மா நின்றன. மேலே குட்டிக் கட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கூரையைத் தாங்கின.

"அசல் மண்டபத்திலும் தூணைப் புதைக்கல. கல்லு மேல நிக்குது. நிலம் ஆடினா அதுவும் கூடவே ஆடும்" என்றாள்.

"ஆடினா அது கட்டடம் இல்ல, ஊஞ்சல்."

அந்தக் கட்டைகளைச் செதுக்க அவளுக்குப் போனில் சொல்லிக்கொடுத்தவர் அவள் அப்பா. விசா கிடைக்காமல் பெய்ஜிங்கிலேயே இருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் போனில் மண்டபத்தைப் பார்க்கப்போகிறார்.

வியாழக்கிழமை சந்தீப் அதைப் புறநகர்ப் பகுதியான கிளென் ஈடனில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப்போனான். மழை விட்டபாடில்லை. உட்கார்ந்து, தூண்களையும் கட்டைகளையும் ஒட்டியே ஒரு குப்பிப் பசையை முழுசாகக் காலி செய்தான்.

"டேய், அந்தப் பொண்ணு பசை வேண்டாம்னாளே?" என்றாள் அக்கா மஹதி.

"அவளுக்குத் தெரியாதுக்கா. நாளைக்கு நன்றி சொல்லுவா."

மறுநாள் காலை டீச்சர் ஒவ்வொரு கட்டடத்தையும் மேசையோடு ஆட்டிப் பார்த்தார். நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாடு என்பதால் அதுதான் பரீட்சை. மண்டபம் அசையவே இல்லை. சந்தீப் நெஞ்சை நிமிர்த்தினான். அடுத்த நொடி தூண்கள் படபடவென்று முறிந்தன. கூரை குப்புற விழுந்தது.

ஷின்யீ ஒரு தூணை எடுத்து, காய்ந்திருந்த பசையைத் தடவிப் பார்த்தாள்.

"நான்தான் ஒட்டினேன்" என்றான் சந்தீப்.

"தெரியும். இவ்வளவு கோணலா வேற யாரும் ஒட்ட மாட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. முறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில் சந்தீப் வெளியே போகவில்லை. கட்டைகளை வெந்நீரில் நனைத்துப் பசையைச் சுரண்டினான். விரல் நுனி எரிந்தது.

"முறிஞ்ச தூண் எல்லாத்தையும் ஒரே உயரத்துக்கு வெட்டிடலாமா? மண்டபம்தான் குள்ளமாயிடும்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

ஷின்யீ முறிந்த தூண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தாள். "அசலும் பல தடவை எரிஞ்சுபோச்சு. திரும்பக் கட்டினப்போ முன்னைவிடச் சின்னதாத்தான் கட்டினாங்க" என்றபடி ரம்பத்தை எடுத்து வந்தாள்.

பாவம் என்று டீச்சர் பசைக் குப்பியை நீட்டினார்.

"வேண்டாம், மிஸ்" என்றான் சந்தீப்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டையோடு கட்டையைக் கோத்தான். ஷின்யீயின் போன் மணி அடித்தது, அவள் அப்பாதான். அவள் எடுப்பதற்குள் சந்தீப் மேசையை மெல்ல ஆட்டிப் பார்த்தான்.

மண்டபம் ஆடியது. பிறகு நின்றது.