ஐந்து நிமிடம் அசையாமல்

அந்தப் பிற்பகலில் தட்டும் சத்தம் வழக்கத்தைவிடச் சீராக வந்ததா, அல்லது எல்லாம் தெரிந்தபின் தன் மனம்தான் அதைச் சீராக்கிக்கொண்டதா என்பதை அவளால் கடைசிவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொன்ன ஒவ்வொரு முறையும் நினைவு கொஞ்சம் இடம் மாறியது. மாறாதது இதுதான்: மாமனாரின் அறைக்கதவு அவள் முதுகுக்குப் பின்னால் ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளிருந்து, கட்டிலின் இரும்புக் கம்பியில் மோதிரம் படும் ஓசை விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை. பதிப்பகம் கொடுத்திருந்த எழுதும் செயலியின் மூலையில், வேலை நேரத்தைக் கணக்கிடும் ஒரு பச்சைக் கடிகாரம் ஓடும். ஐந்து நிமிடம் எந்த விசையும் தொடப்படவில்லை என்றால் அது சாம்பல் நிறமாகி நின்றுவிடும். கீழே ‘பயனர் இல்லை’ என்று எழுத்து வரும். மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கண்தான் வேலை செய்யும், கை அல்ல. ஒரு பக்கத்தை ஊன்றிப் படித்துவிட்டு நிமிர்ந்தால், அவள் இல்லை என்று அது முடிவுகட்டியிருக்கும். அதனால் படிக்கும்போதே இடது சுண்டுவிரலால் ஷிஃப்ட் விசையை அவ்வப்போது அழுத்தப் பழகினாள். எழுத்து எதுவும் விழாது. இருக்கிறேன் என்று மட்டும் சொல்லும்.

பக்கவாதம் வந்தபின் மாமனாரின் குரல் படுக்கையைத் தாண்டவில்லை. அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். தான் இங்கே காற்புள்ளி தேடிக்கொண்டிருக்கும்போது அவர் அங்கே தனியாகப் போய்விடக்கூடாது. செயலியின் வழக்கத்தையே அவருக்கும் வைத்தாள்.

“மோதிரத்தால கம்பியில அப்பப்ப ஒரு தட்டு தட்டுங்க மாமா. அஞ்சு நிமிஷம் சத்தம் வரலைன்னா நான் வந்து பார்ப்பேன்.”

பெரும்பாலும் தட்ட மறந்து தூங்கிவிடுவார். அவள் ஓடிப்போய் அவர் மூக்கின் கீழ் இரண்டு விரல்களை வைத்துப் பார்ப்பாள். கண்ணைத் திறக்காமலே சொல்வார்: “இருக்கேம்மா. அவசரப்படாத.”

ஒருநாள், நல்ல கையால் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, அவளுடைய ஷிஃப்ட் விசைக் கதையைக் கேட்டார்.

“உக்காந்திருக்கிற ஆளைப் பார்த்து இல்லைன்னு சொல்லுதா? நல்ல மெஷின்!” சிரிப்பு இருமலாகி அடங்கியது. “நான் தட்டலைன்னா நீ வர்ற. நீ தட்டலைன்னா உன்னை யாரு வந்து பார்ப்பா?”

“யாரும் வர மாட்டாங்க மாமா. மணி நின்னுடும், அவ்வளவுதான்.”

“அது நல்லா இல்லையே.” தைலக் கையைப் போர்வையில் துடைத்துக்கொண்டார். “கால் மட்டும் வரட்டும். நான் வந்து பார்க்கறேன்.”

அந்தப் பிற்பகலில் அவர் ஒருமுறைகூட மறக்கவில்லை. வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முனகியது. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று அவள் நினைக்கும் ஒவ்வொரு தடவையும், நினைப்பை முடிக்குமுன் அந்த ஓசை வந்தது. இன்றைக்கு நல்ல தெம்பாக இருக்கிறார் என்று மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு, நிம்மதியாகப் பக்கங்களைத் தள்ளினாள்.

அவரைக் கவனித்துக்கொள்ள வரும் அக்கா மதியம் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்புவாள். வந்தவுடன் அறைக்குள் போனாள். பிறகு, தணிந்த குரலில், “இங்க வாம்மா,” என்றாள்.

உடம்பு விறைத்திருந்தது. “இது இப்ப ஆனதில்ல. ரொம்ப நேரமாச்சு,” என்றாள் அக்கா. பிறகு வந்த மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

“சத்தம் வந்துச்சே அக்கா! இப்ப நீங்க வாசக்கதவைத் தட்டும்போதுகூட மோதிரம்...”

அக்கா மருந்துத் தட்டைக் காட்டினாள். பஞ்சின் மேல் மோதிரம் கிடந்தது. “விரல் வீங்கியிருந்துச்சுன்னு காலையிலயே சோப்பு போட்டுக் கழட்டி வச்சேனே.”

அவர் கண்கள் பாதி திறந்திருந்தன. அவள்தான் உள்ளங்கையால் மூடினாள். அக்கா கால்களைச் சேர்த்து வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்து, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டாள்.

வாடகைக் கட்டிலைக் கடைக்காரர் வந்து கழற்றிக்கொண்டு போனார். அறை காலியானது. கணவன் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த அன்று, அவளும் செயலியைத் திறந்து உட்கார்ந்தாள். பக்கத்தைப் படித்தாள். சுண்டுவிரல் மட்டும் விசைமேல் இறங்க மறுத்தது. அந்தத் தட்டலைத் தானே தட்டுவதுபோல் கூசியது. போகட்டும், மணி நின்றால் நிற்கட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். தெருவில் ஏதோ வண்டி கிளம்பி, தேய்ந்து, இல்லாமல் போனது. குழாயில் சொட்டிக்கொண்டிருந்த நீரும் ஓய்ந்ததுபோல் இருந்தது. மூலையில் பச்சை மங்கிச் சாம்பலானது.

பயனர் இல்லை.

பின்னால் கதவு திறந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். காற்றுக்குக் காலடி கிடையாது. ஒரு கால் ஊன்றியது, மறுகால் தரையில் இழுபட்டது. ஊன்றியது. இழுபட்டது. தைல வாசனை அவளுக்கு முன்னால் வந்து நின்றது. நாற்காலியின் முதுகு லேசாகப் பின்னால் சாய்ந்தது, யாரோ பிடித்துக்கொண்டதுபோல்.

திரும்ப முடியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டாள்.

மூக்கின் கீழ் இரண்டு விரல்கள்.

காய்ந்த தோல். குளிர்ச்சி. காத்திருந்தன.

விடு, மூச்சை விடு. வரவில்லை. நெஞ்சு கல்லாகக் கிடந்தது. விரல்கள் விலகின. உள்ளங்கை வந்தது. நெற்றியில் பட்டது. மெதுவாக, மிகப் பரிவாக, கண்களை நோக்கி இறங்கியது.

சுண்டுவிரலை அழுத்தினாள்.

பச்சை. கை நின்றது. எடுத்துக்கொண்டது. இழுபடும் கால் அறைக்குள் திரும்பிப் போனது.

கணவனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை, ஆனால் அவளுக்காக வேலையை விடச் சொன்னான், வீட்டையும் மாற்றினான். மாற்றி ஒன்றும் ஆகவில்லை. அவர் வரச் செயலியும் தேவைப்படவில்லை. எங்கே எதில் லயித்து அசையாமல் உட்கார்ந்தாலும், ஐந்து நிமிடத்தில் ஏதோ ஒரு கதவு திறந்தது. கொஞ்சநாள் தூங்காமல் கிடந்து பார்த்தாள். பிறகு விரலே கற்றுக்கொண்டது. அவள் தூங்கினாலும் அது கட்டில் சட்டத்தில் தட்டியது.

“கண்ணைப் பாதி தொறந்துக்கிட்டே தூங்கறது சின்ன வயசுலேர்ந்து இருக்குன்ன, சரி. இப்போ கை வேற தனியா வேலை பார்க்குது,” என்று கணவன் கேலி செய்வான். “தூங்கறியா முழிச்சிருக்கியான்னு நான் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “அந்தக் கையை மட்டும் நிறுத்திடாதீங்க,” என்பாள்.

அக்கா வேறொரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தாள். கட்டில் வேறு யாருக்கோ வாடகைக்குப் போனது. மோதிரத்தைக் கணவன் போட்டுக்கொண்டான். ஒரு ஞாயிறு மதியம், தூக்கத்திலும் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த அந்த விரலைப் பார்க்க அவனுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரமாவது ஓயட்டும் என்று தன் கைக்குள் பொத்திக்கொண்டான். அப்படியே அவனும் கண்ணயர்ந்தான்.

விழித்தபோது விரல் அவன் கைக்குள்தான் இருந்தது. அவள் கால்கள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. போர்வை கழுத்துவரை இழுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் நீவப்பட்டிருந்தது. எப்போதும் பாதி திறந்திருக்கும் கண்கள் முழுதாக மூடியிருந்தன. இமைகளின் மேல் தைலம் பளபளத்தது.