மாலை போட்ட படம்

"லலிதா, இன்னிக்கு மொதல் சீனைக் கேளு! ஹீரோ கெணத்துல விழுந்து செத்துட்டான்னு ஊரே அழறது. அவன் என்னடான்னா கல்யாணப் பந்தியில உக்காந்துண்டு மூணாவது தடவையாப் பாயசம் கேக்கறான்!"

சொல்லிவிட்டுக் கௌரிசங்கர் தானே சிரித்தார். காப்பி டம்ளரோடு பின்னால் நின்ற மனைவி லலிதாம்பாளை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பேசியதெல்லாம் கூடத்துச் சுவரில் மாலை போட்டுத் தொங்கிய அவளுடைய படத்தோடுதான்.

கூடவே சுவர்ப் பக்கமிருந்து இன்னொரு சிரிப்பும் கேட்டது. அவளுடைய சிரிப்பேதான்! ஆனால் அவள் வாயைத் திறக்கவே இல்லை... மைசூர் லட்சுமிபுரத்து அந்த வீட்டில் யாரும் இதற்குத் திடுக்கிடுவதில்லை. பழகிவிட்டது.

"என் தம்பி கெளம்பற நேரத்துல குறுக்க வராதேன்னு எத்தனை தடவ சொல்றது?" நாத்தனார் சுந்தராம்பாள் சீறினாள். "புதுப் படத்துக்குப் பூஜை போடற அன்னிக்கு உன் மூஞ்சியில முழிச்சா சினிமா வெளங்குமா?"

"அங்க மாட்டியிருக்கறதும் என் மூஞ்சிதானே அக்கா..."

"அது ராசியான மூஞ்சிடீ!"

ராசி வந்த கதை இதுதான். வசனம் எழுதிக்கொண்டிருந்த கௌரிசங்கருக்கு ஒரு கன்னட காமெடிப் படத்தை இயக்கும் வாய்ப்பு வந்தது. ஹீரோ பொய் சொல்லும்போதெல்லாம் செத்துப்போன மனைவியின் போட்டோ சுவரில் சாய வேண்டும். உயிரோடு இருப்பவளுக்கு மாலையா என்று நடிகை மறுத்துவிட்டாள். ஷூட்டிங் நின்றது. "என் படத்தை மாட்டுங்கோன்னா, நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்" என்றாள் லலிதாம்பாள்.

சிரிப்பில் தியேட்டர்கள் குலுங்கின. அதன்பின் அவர் எடுத்த ஒவ்வொரு படத்திலும் முதல் ஷாட் அந்தப் போட்டோவுக்குத்தான். ஒரே ஒருமுறை அதை விட்டார். அந்தப் படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போனது. அன்றிலிருந்து போட்டோ வீட்டுக்கே வந்துவிட்டது. தினமும் மல்லிகை, ஊதுபத்தி... தேவராஜ மார்க்கெட்டில் பூக்காரிகூட லலிதாம்பாளைப் பார்த்ததும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லாவற்றையும் அவள் பூமாதேவி மாதிரிப் பொறுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் கிளம்பிய மகள் மேதா ஓடி வந்தாள். "அம்மா, இன்னிக்கு மேத்ஸ் பரீட்சை. ஆசீர்வாதம் பண்ணும்மா" என்று படத்துக்கு நமஸ்காரம் செய்தாள். எழுந்து, நிலைக்கதவுக்கு ஒதுங்குவதுபோலத் தாய்க்கு ஒதுங்கிக்கொண்டு போனாள்.

டம்ளர் கீழே விழுந்தது.

"பெத்தவ இங்க உசுரோட நிக்கறேண்டி... பாவி! இங்க நிக்கறேண்டி!"

ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றி மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

வாசலிலிருந்து டிரைவர் மல்லப்பன், "சார், டைம் ஆய்த்து!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினான்.

"குடு லலிதா! முகூர்த்தம் தப்பிடும். அது இல்லாம நான் எப்படிப் படம் எடுப்பேன்?"

"தரேன். மொதல்ல அந்தச் சீனை எனக்குச் சொல்லுங்கோ. என் மூஞ்சியப் பாத்து!"

அவர் சொன்னார். கிணறு வந்தது, பந்தி வந்தது, பாயசம் வந்தது. காத்திருந்தார். கூடத்தில் அந்தச் சிரிப்பு கேட்கவே இல்லை. காலிச் சுவருக்கு முன்னால் ஊதுபத்திப் புகை மட்டும் அசைந்தது.

"ஏன்... ஏன் சிரிக்கல?"

"செத்தவ சிரிப்பா. என்ன சொன்னாலும் சிரிப்பா. எனக்கு அழுகைதான்னா வரது..."

கௌரிசங்கர் அவளையே பார்த்தார். படத்தில் இருந்தவள் சின்னப் பெண். இவள் யார்?

"லலிதா... உனக்கு எப்போ இப்படி நரைச்சுது?"

"நீங்க பாக்காதபோது."

அவர் உடைந்துபோனார். "குத்துக்கல்லாட்டம் இருக்கறவளை நானே கொன்னுட்டேனே!" என்று அவள் கையிலிருந்த படத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "எனக்கு இது வேண்டாம். பூஜைக்கு நீ வா, நீதான் விளக்கேத்தணும். படம் ஓடலேன்னா ஓடாமப் போகட்டும்!"

சுந்தராம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான்தான் பாவிடீ... என்னை மன்னிச்சுடு!"

மேதா மெல்ல வந்தாள். இருட்டில் எதையோ தொடுகிறவள்போல அம்மாவின் கையைத் தொட்டாள். வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள்.

"அப்பா... அம்மா கை சூடா இருக்குப்பா!"

லலிதாம்பாள் மகளை அள்ளிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.