ஆறுதல் வேண்டாம் என்றவள்

ஞானசிகாமணி கண் விழித்ததும் திரையைப் பார்த்தார். ‘தாமிரபரணிக்கு இன்று உற்சாகம்’ என்றிருந்தது. வெள்ளம் என்று அர்த்தம். அடுத்த வரி அவருடைய மருத்துவ அறிக்கை: ‘உங்கள் இதயம் ஓய்வை விரும்புகிறது.’ நாற்பது வருஷமாக அவரும் அதையேதான் விரும்புகிறார், யார் கொடுக்கிறார்கள்?

ஊரில் எல்லா எழுத்தும் இப்படித்தான். எந்தத் திரையில் எது வந்தாலும், ‘இதமி’ என்ற மென்பொருள் முதலில் அதைப் படித்து, வாசிப்பவர் மனம் நோகாதபடி தடவிக்கொடுத்துத்தான் அனுப்பும். சட்டம் வந்து முப்பது வருஷம். அச்சுப் புத்தகங்கள் கூழாகிவிட்டன. கல்லறைகளில்கூடக் கல் கிடையாது, சின்னத் திரைதான்.

மிஞ்சிய மை, அவர் வேலை பார்த்த பாளையங்கோட்டைச் சுவடிக்கூடத்தில் மட்டும் இருந்தது. கன்றுத்தோலில் கிரேக்கத்தில் எழுதிய பழைய சுவிசேஷப் பிரதி. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியே இல்லாமல், எறும்பு ஊர்வதைப் போன்ற எழுத்து. இதமியின் கை தோல்வரை எட்டவில்லை. அதனால் அரசாங்கம் ஞானசிகாமணியை நியமித்திருந்தது. பார்வையாளர் காட்டும் வரியைக் கிரேக்கத்தில் வாசித்து, தமிழில் இதமாகச் சொல்ல வேண்டும். சுவரில் ஒரு செவிப்பொறி கேட்டுக்கொண்டிருக்கும். தவறினால் வேலை போய்விடும்; கிரேக்கம் தெரிந்த வேறு ஆள் இல்லாததால் அறைக்கும் பூட்டு. அந்தப் பிரதியில் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ராஜா ஒருவன், இவர் வாயில் அவர்களை வேறு ஊருக்கு மாற்றல் செய்தான். வீட்டு வாடகைப்படி கொடுத்தானா என்று யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கு வந்த ஒரே ஆள், நனைந்த சேலையோடு ஒரு பெண்மணி. ரூபவதி என்றாள்.

“அண்ணாச்சி, அந்த ராஜா கதையில ஒரு தாய் அழுவால்லா? சின்னப் பிள்ளையில வேதக்கோயில்ல வாசிச்சுக் கேட்டிருக்கேன். இப்ப திரையில பாத்தா அவ சிரிச்சுக்கிட்டு நிக்கா. நான்தான் தப்பா நெனச்சுக்கிட்டிருக்கனா?”

“உங்களுக்கு எதுக்கும்மா அழுகை? இதுலயே கல்யாண விருந்துக் கதை இருக்கு, வாசிக்கட்டுமா? தண்ணியெல்லாம் திராட்சரசமாகும், நம்ம கேன்டீன்ல ரசமெல்லாம் தண்ணியாகும்.”

அவள் சிரிக்கவில்லை.

“எம்மக செரின் போயி நாலு மாசமாச்சு. பள்ளிக்கூடத்துலருந்து தினமும் ‘செரின் இன்று விடுப்பில்’னு வருது. கல்லறைத் திரையில ‘செரின், நலம்’னு போட்டிருக்கு. அவ அப்பா அதையே படிச்சுப் படிச்சு, அவளுக்கும் சேத்துத் தோசை ஊத்தச் சொல்லுதாரு. நானும் ஊத்துதேன். நேத்து அவ வரக் காணமேன்னு தெருவுல போயி நின்னேன் அண்ணாச்சி. எனக்குப் பயமா இருக்கு. அந்தத் தாய் அழுதாளா, இல்லையா? அது மட்டும் சொல்லுங்க.”

ஞானசிகாமணி செவிப்பொறியை ஒரு தரம் பார்த்தார். பிறகு பிரதி இருந்த கண்ணாடிப் பேழைமேல் குனிந்து, அந்த வரியை விரலால் தேடிப் பிடித்தார்.

“அழுதாம்மா. ராஜா பிள்ளைகளைக் கொன்னுபோட்டான். இந்தா, இந்த வரியில அழுகா. ஆறுதல் சொல்ல வந்தவங்ககிட்ட வேண்டாம்னுட்டா.”

சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. நல்லது, ஓய்வு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

“ஏன் வேண்டாம்னா?”

“பிள்ளைக இல்லைல்லா. அதான். அப்படித்தான் எழுதியிருக்கு. கடைசிச் சொல்லே அதான், இல்லைன்னு.”

“அப்பறம் தேறிட்டாளா?”

அவர் அடுத்த வரியைப் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். ராஜா செத்துப்போகிறான், கனவு வருகிறது, யாரோ ஊர் திரும்புகிறார்கள். அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. தேறினாள் என்று ஒரு சொல் சேர்த்தால் யாருக்குத் தெரியப் போகிறது?

“இல்லம்மா. எழுதினவங்க அவளை அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க.”

ரூபவதி பேழைமேல் உள்ளங்கையை வைத்தாள். படியில் யாரோ ஏறி வரும் பூட்ஸ் சத்தம் கேட்டது.

“இன்னொரு தரம் வாசிங்க அண்ணாச்சி. அந்தப் பாஷையிலேயே.”

வாசித்தார். கடைசிச் சொல்லுக்கு முன்னால் அவர் குரல் உடைந்தது.

“செரின் இல்லை” என்று அவள் தமிழில் முடித்தாள்.