நான்கு விரற்கடை

ரம்யா மாடி ஏறி வந்தபோது, ஆய்வகத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஜெபமாலை. மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே குழந்தை தூங்குவதுபோல அதை இரண்டு கையாலும் அணைத்திருந்தாள்.

"துணி டெஸ்ட் பண்ற எடம் இதானம்மா?"

"இதான். எங்கேர்ந்து வர்றீங்க?"

"வெள்ளிமலைக்கிட்ட. மொத பஸ்ஸப் புடிச்சி வந்துட்டேன்."

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் வியாபாரிகள். சீருடைத் துணி சாயம் போகுமா, வேட்டியில் பருத்தி எவ்வளவு, துவைத்தால் சுருங்குமா என்று கேட்டு வருவார்கள். ஆறு வருடமாக ரம்யா அங்கே துணிகளை நனைத்தும் இழுத்தும் எரித்தும் பார்த்து அறிக்கை எழுதுகிறாள். மலையிலிருந்து ஒரு தாய் வந்ததில்லை.

பெயர் இஞ்ஞாசியம்மாள். அவள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தது ஒரு நீலச் சுடிதார் டாப். அதற்கு முன்பக்கம் இல்லை. முதுகுப்பக்கமும் ஒரு கையும் மட்டும் மிஞ்சியிருந்தன. ஓரமெல்லாம் உருகி, கறுத்து, ஓடு போல இறுகிப் போயிருந்தது.

"எம் பொண்ணு ஜெனிபரோடது. மணலூர்பேட்டைல கட்டிக் குடுத்தேன். அடுப்புல புடிச்சிக்கிச்சின்னு நான் சொல்றேன். அவளே மண்ணெண்ண ஊத்தித் தீ வெச்சிக்கினான்னு அவங்க வூட்ல சொல்றாங்க. போலீசும் அப்டியே எழுதி முடிச்சி, துணியத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

ரம்யா கறுத்த ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்தப் போனா, தானா செத்தவன்னு ஊரே ஒரு மாதிரி பாக்குது. காட்டன்னு சொல்லித்தான் கடைல குடுத்தானாம். அடுப்பாண்ட நின்னா வேர்க்காதும்மான்னு போன்ல சொன்னா. இது காட்டனா?"

"இல்லேன்னா என்னம்மா?"

"காட்டன் இல்லாட்டி ஒடம்போட ஒட்டிக்குமாமே. கழட்ட வராதாமே. அவ கழட்டத்தான் பாத்திருப்பா. எனக்குத் தெரியும். ஆனா நான் சொன்னா யாரு கேக்கறாங்க?"

ஆய்வகத்தின் முதலாளி அப்துல் ஜலீல் பத்து மணிக்கு வந்து துணியைப் பார்த்தார். தொடவில்லை.

"மௌத்தாப் போன பொண்ணோட துணிம்மா. கேஸ் வேற முடிஞ்சிருக்கு. நமக்கு எதுக்கு இது?"

"வாங்கிட்டேன் பாய்," என்றாள் ரம்யா.

எந்தத் துணியானாலும் சோதிப்பதற்கு முன் ஒரு நாள் குளிரறையில் கிடக்க வேண்டும். சன்னல் இல்லாத சின்ன அறை அது. எந்நேரமும் ஒரே குளிர், ஒரே ஈரப்பதம். வெளியே மழையா வெயிலா என்று துணிக்குத் தெரியக் கூடாது. ரம்யா நீலத் துணியைக் கம்பிவலைத் தட்டில் விரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலையில் அது உள்பக்கம் வெளியாகத் திரும்பிக் கிடந்தது. இருந்த ஒரு கையும் உள்ளிருந்து இழுத்து எடுத்ததுபோல் புரண்டிருந்தது.

"நீங்க எடுத்துப் பாத்தீங்களா பாய்?"

"நான் அந்தப் பக்கமே போகலியே."

மறந்துபோய் அப்படியே விரித்திருப்போம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மறுபடி சரியாக விரித்து, நான்கு மூலையிலும் இரும்பு அளவுகோல்களைப் பாரமாக வைத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தாள்.

அளவுகோல்கள் நான்கும் வைத்த இடத்திலேயே இருந்தன.

துணி தரையில் கிடந்தது. உள்பக்கம் வெளியே.

தலைவழியாக அவசரமாக உருவிப் போட்ட துணி அப்படித்தான் கிடக்கும்.

அதை எடுக்கக் குனிந்தபோது மின்சாரம் போனது. பின்னால் கதவு தன் கனத்திலேயே மெல்ல வந்து சாத்திக்கொண்டது. குளிர்விக்கும் இயந்திரத்தின் இரைச்சல் அடங்கியது. தினமும் கேட்டுப் பழகிய ஒலி இல்லாமல் போனபோது, அதற்கு அடியில் வேறொன்று கேட்டது.

மூச்சு.

ஓடிக் களைத்தவர்களின் மூச்சுபோல, வேகமாக, விட்டுவிட்டு. அதனோடு வாடை வந்தது. மண்ணெண்ணெய் வாடை அதில் துளியும் இல்லை. தாளித்த கடுகு, கறிவேப்பிலை. பிறகு முடி கருகும் நாற்றம்.

க்ர்ர்.

ஜிப்பின் பல் நகரும் சத்தம். நின்றது. மறுபடி க்ர்ர். சிக்கிக்கொண்டு நின்றது.

ரம்யாவால் கையை அசைக்க முடியவில்லை. காதுக்குப் பக்கத்தில், குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவதுபோல மெதுவாக ஒரு குரல் கேட்டது.

"இழுங்கக்கா."

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"வர மாட்டேங்குது. இழுங்கக்கா."

விளக்கு எரிந்தது. அறையில் யாரும் இல்லை.

அவள் வெளியே ஓடி, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். பயத்தில்தான் அழ ஆரம்பித்தாள். ஆனால் அழுகை நீண்டுகொண்டே போனபோது, அது பயத்துக்காக இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. கீழே பஸ்களின் ஹாரன் சத்தம். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

எழுந்து உள்ளே போனாள்.

துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து முதுகுப்பக்கத்தைத் திருப்பினாள். பஞ்சா பாலியெஸ்டரா என்பதிலேயே கவனம் இருந்ததால், இதுவரை அவள் ஜிப்பைப் பார்க்கவே இல்லை. அதன் பிடி கழுத்தில் இல்லை. கழுத்திலிருந்து நான்கு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. அதற்குக் கீழே பற்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. இரண்டு பக்கத்திலும் தையல் பிய்ந்திருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, உருகிய விளிம்பில் நகம் பதிந்த பிறைகள் தெரிந்தன. ஆறு, ஏழு. ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக.

துணி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீயில் காட்டினாள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகச் சொட்டியது.

ஜலீல் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"பாலியெஸ்டர்னு எழுதினது சரி. ஜிப்பு, நகக்குறின்னு எதுக்கும்மா? இத யாரு கேட்டா?"

"கேட்டாங்க பாய்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குளிரறைக் கதவைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் இஞ்ஞாசியம்மாள் வந்தாள். ரம்யா அறிக்கையை வரி வரியாகப் படித்துச் சொன்னாள். காட்டன் இல்லை என்றபோது அந்தத் தாய் தலையை ஆட்டினாள். ஜிப்பைப் பற்றிப் படித்தபோது ஆட்டுவதை நிறுத்தினாள்.

"அப்டீன்னா கழட்டப் பாத்தாளா?"

"பாத்தாங்கம்மா. கடைசி வரிக்கும் பாத்திருக்காங்க."

"சாவணும்னு நெனைக்கல."

"இல்லம்மா."

இஞ்ஞாசியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, "இந்தக் காயிதத்த எடுத்துக்கினு திரும்ப ஸ்டேசனுக்குப் போவேன். அப்புறம் சர்ச்சு சாமியாருகிட்ட. அப்புறம் ஒவ்வொரு வூடா," என்றாள்.

"துணிய எடுத்தாறேன், இருங்க."

ரம்யா குளிரறைக்குள் போனாள். அன்று துணி விரித்த இடத்திலேயே, விரித்தபடியே கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து, மேசைப் பக்கம் திரும்பி நின்று காகிதத்தில் மடித்தாள்.

"கண்ணு, கொஞ்சம் அப்டியே நில்லு."

இஞ்ஞாசியம்மாளின் குரல் மாறியிருந்தது. ரம்யா அசையாமல் நின்றாள்.

"என்னம்மா?"

"உன் கோட்டு முதுகுல."

காலையில்தான் துவைத்துப் போட்ட வெள்ளைக் கோட்டு அது. இஞ்ஞாசியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வரும் சத்தம் கேட்டது.

"கரிக் கை. அஞ்சு வெரலும் அப்டியே பதிஞ்சிருக்கு. சுண்டுவெரலு உள்பக்கமா வளைஞ்சிருக்குது பாரு. பொறந்தப்பவே அவளுக்கு அப்டித்தான்."

ரம்யாவின் கண்ணில் நீர் முட்டியது. அவள் திரும்பவில்லை. தோளுக்குக் கீழே, அந்தத் தடத்தின் மேல், ஒரு தாயின் கனத்த உள்ளங்கை மெல்ல வந்து பதிந்தது.

பதிந்ததும் சட்டென்று எழும்பியது. மறுபடி அங்கேயே பதிந்தது.

"இன்னும் சுடுதும்மா," என்றாள் இஞ்ஞாசியம்மாள்.