தண்ணீர்க் கூண்டுகள்

தண்ணீர் மட்டும் குடித்த எலிகளின் ரத்தம் மஞ்சளாகியிருக்கக் கூடாது.

சோதனைத் தட்டை வெளிச்சத்தில் மறுபடியும் தூக்கிப் பிடித்தாள் அக்கா. அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பதினொரு வருடமாக எலிகளைப் பார்த்துக்கொள்பவள். ஆறு கூண்டுகளுக்கு வாய்வழித் தடுப்பு மருந்து, ஆறு கூண்டுகளுக்கு வெறும் தண்ணீர். வளைந்த மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் இறக்கி அவளே கொடுத்தது. மருந்தால் எதிர்ப்புச் சக்தி வந்திருந்தால்தான் தட்டில் விட்ட ரத்தச் சொட்டு மஞ்சளாகும். மருந்து குடித்தவை வெளிர் மஞ்சள். தண்ணீர் குடித்தவையோ அடர் மஞ்சள்.

யாரோ கை வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, பக்கத்து அறை டாக்டர்தான். இந்த மருந்து தோற்றால் அவருடைய ஊசி மருந்துக்கு மவுசு கூடும். அடுத்த மாதம் இது குழந்தைகளுக்குப் போகிறதே என்ற ஈரம்கூடவா இல்லை?

பூட்டை மாற்றினாள். புதுச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு, புது எலிகளோடு முதலிலிருந்து தொடங்கினாள். மதியச் சாப்பாட்டு நேரங்களில், மரத்தூளும் மூத்திரமும் நாறும் அந்த நடைவழியில், மின்விசிறியின் முனகலுக்கு அடியில், பூட்டிய அறைக்குள் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பதுபோல் இருக்கும். திறந்தால் யாரும் இல்லை. எலிகள் மட்டும் கம்பியோரம் குவிந்து நிற்கும்.

மூன்று வாரம். தண்ணீர் எலிகள் மறுபடியும் மஞ்சள்.

"டாக்டர், நீங்கதானே மாத்துறீங்க?"

"சாவி உங்க கழுத்துல தொங்குது. என்னைக் கேக்குறீங்க?"

அவள் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். தட்டில்தான் கோளாறோ? அந்த மருந்தின் வாடையே படாத ரத்தம் வேண்டும். தன் விரலைக் குத்திக்கொண்டாள்.

எல்லாவற்றையும்விட அடர்த்தியான மஞ்சள் அவளுடையது.

"எனக்கு யாரு குடுத்தாங்க?" டாக்டரின் முகம் வெளுத்தது. எலி அறைக் கேமராவைத் திரையில் போட்டார்.

"பழசு வேணாம்க்கா. இப்போ நேரடியா ஓடுறதைப் பாருங்க."

பட்டப்பகல். பூட்டிய அறை. உள்ளே ஒருத்தி.

அக்காவின் கோட்டு. அவளுடைய கொண்டை. அவளுடைய கூன்.

உள்ளே இருந்தவள் தண்ணீர்க் கூண்டுகளைத் திறந்தாள். எலிகள் தாமாகவே வாயைத் திறந்தன. மருந்துக் குழாயை இறக்கினாள், ஒவ்வொன்றாய். பொறுமையாய்.

"அக்கா, அது யாரு?"

அக்கா கழுத்துச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள்; அங்கேயேதான் இருந்தது.

கடைசி எலிக்கும் கொடுத்து முடிந்தது. திரையில் நின்றவள் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். அதே முகம். தலையைப் பின்னுக்குச் சாய்த்தாள். வாயைத் திறந்தாள். குழாயைத் தன் தொண்டைக்குள் மெல்ல மெல்ல இறக்கினாள்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவின் நாக்கின் மேல் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. வாயை மூட முயன்றாள். மூட முடியவில்லை.